பித்தநாள நோயும் பாரம்பரியமும்

மாரிகுப்பத்தை அடுத்த கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டபின், நீர் இறைக்கும் பணி நின்றது. ஆழ்ந்த குழிகளில் நீர் தேங்கிற்று. கல்லீரலினின்று பித்தம் வெளியேறும் வழி அடைபட்டாலும் இத்தகைய தேக்கமே ஏற்படுகின்றது. நாட்பட்ட பித்தநாள இறுக்க நோயில், நாளங்கள் அழற்சியுற்றுத் தழும்பேறிக் குறுகுகின்றன. தேங்கிய பித்தம் கல்லீரலைச் சிதைக்கின்றது.

இந்நோய் சிலரிடம் விரைந்தும், சிலரிடம் மெல்லவும் முற்றுகின்றது. நோய் தோன்றுவதற்கு ஏதுவான எச்.எல்.ஏ. மரபணுக்கள் 1980களிலேயே அறியப்பட்டன. நோய் முற்றும் வேகத்தோடும் பாரம்பரியத்திற்குத் தொடர்புண்டு என்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 3,402 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, ஆர்.எஸ்.பி.ஓ.3 என்னும் மரபணுவின் அருகே ஒரு சிறு வேறுபாடு புலப்பட்டது. அதன் ஒரு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றோரில், மாற்றுக் கல்லீரலின்றிப் பத்தாண்டு வாழ்ந்தவர் ஏறக்குறைய 51 சதவீதம். மற்ற வகையை அவ்வாறே பெற்றோரில் 73 சதவீதம்.

எனினும் மரபணு தலைவிதியன்று. தீய வகையினரிலும் பாதிப்பேர் பத்தாண்டு கடந்தனர். மேலும், ஆராயப்பட்டோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். இம்முடிவை நம் மக்களுக்கு அப்படியே பொருத்துதல் கூடாது.

இது தொற்றுநோயன்று. தீராத அரிப்பு, களைப்பு, திரும்பத் திரும்ப வரும் மஞ்சட்காமாலை, இவற்றோடு நாட்பட்ட இரத்தபேதியும் உடையவரைக் கண்டால், கீழாநெல்லியை மட்டும் நம்பிக் காலங்கடத்த விடாது, இரத்தப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு அனுப்புதல் களப்பணியாளரின் கடமையாகும்.