தைத்த தோள் மறுபடி கிழிந்தால்?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர்கள் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தோளில் பெரிதாகக் கிழிந்த தசைநாண்களை நுண்துளை முறையில் தைத்துவிட்ட 18 பேரை, ஓராண்டுக்குப் பிறகு வரவழைத்து அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்தார்கள். 17 பேருக்கு மறுபடி கிழிந்திருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்திருக்கிறது, கை தூக்க முடிகிறது என்றுதான் சொன்னார்கள். இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் கொஞ்சம் இறங்கியது உண்மை. ஆனாலும், தையல் விட்டுப்போன தோள் எப்படித் தேறியது?

தோளின் கிண்ணம் ஆழமற்றது; மேற்கை எலும்பின் உருண்டைத் தலை அதில் சும்மா சாய்ந்து நிற்கிறது என்றே சொல்லலாம். நழுவாமல் பிடித்து வைப்பவை, தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி அந்தத் தலையைச் சுற்றி ஒட்டும் நான்கு தசைகள். இவற்றின் நாண்கள் சேர்ந்த உறைதான் ரோட்டேட்டர் கஃப். கையைத் தூக்கும் பெரும் பலம் மேலே இருக்கும் டெல்டாய்டு தசையுடையது. கஃப் பெரிதாகக் கிழிந்துவிட்டால் டெல்டாய்டு இழுக்கும் இழுப்பில் எலும்பு சுழலாமல் மேலேறி, கூரை போலிருக்கும் எலும்பில் முட்டுகிறது.

நம்மூரில் தோள்வலி என்றாலே "சுகர் இருக்குல்ல, அதான் இறுகிப்போச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுக்கம் அதிகம் வருவது சரிதான். ஆனால் இறுகிய தோளை அடுத்தவர் தூக்கினாலும் மேலே போகாது. பெரிதாகக் கிழிந்த தோளோ, அடுத்தவர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் தாராளமாகப் போகும்; பிடியை விட்டதும் கை பொத்தென்று விழும்.

கிழிசல் 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, இரண்டு நாண்களோ அதற்கு மேலோ அறுந்திருந்தாலோ அதை மிகப் பெரிய கிழிசல் என்கிறார்கள். உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தால், நாண் எலும்பை விட்டு வெகுதூரம் பின்வாங்கிச் சுருண்டு கிடக்கும். அதைச் சுற்றிய ஒட்டல்களை விடுவித்து, எலும்பின் மேற்பரப்பை ரத்தம் கசியுமளவு சுரண்டி, நூல் கோத்த சிறு ஆங்கர்களை எலும்பில் பதித்து, நாணை இழுத்து வந்து கட்டுகிறார்கள். ஆங்கரும் நூலும் இன்று போதிய வலுவுடன்தான் இருக்கின்றன. சிக்கல் அவை பிடித்திருக்கும் திசுவில்: இற்றுப்போன துணியில் எவ்வளவு நல்ல நூலால் தைத்தாலும் பக்கத்தில் கிழியத்தான் செய்யும்.

நாணைவிட மோசமாவது அதன் பின்னாலிருக்கும் தசை. வேலையற்றுக் கிடக்கும் தசையில் கொழுப்பு புகுந்துகொள்கிறது. 1994-இல் பிரெஞ்சு மருத்துவர் கூட்டாலியே இதைச் சிடி ஸ்கேனில் 0 முதல் 4 வரை தரம் பிரித்தார். மூன்றாம் நிலையில் தசையும் கொழுப்பும் சரிபாதி. நான்கில் கொழுப்பே அதிகம். தையல் நன்றாகப் பிடித்தாலும் இந்தக் கொழுப்பு பெரும்பாலும் திரும்பத் தசையாவதில்லை. எம்ஆர்ஐ அறிக்கையில் கிழிசலின் அளவைப் படித்துப் பதறுபவர்கள் இந்தக் கொழுப்பைப் பற்றிய வரியைத்தான் முதலில் தேட வேண்டும் என்பேன்.

மறுபடி கிழிந்தும் பலன் கிடைப்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. புதிய ஓட்டை பல சமயம் பழையதைவிடச் சிறியது. முன்பக்க நாணும் பின்பக்க நாணும் சமமாக இழுத்தால், மேலே ஓட்டை இருந்தாலும் உருண்டை கிண்ணத்தில் நிற்கும். அதனால்தான் முழுதும் மூட முடியாத இடத்தில், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மட்டும் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும் அரைகுறைத் தையலும் மதிப்புள்ள சிகிச்சையாகிறது.

செயின்ட் லூயிஸில் செய்ததுபோல நோயாளியைத் திரும்ப அழைத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு, இந்த நாணைத் தைத்த முன்னோடிகளில் ஒருவரே போராடியிருக்கிறார். பாஸ்டனின் எர்னஸ்ட் காட்மன் 1911-இல் இந்தத் தையலைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை, கடைசியில் என்ன ஆயிற்று என்ற பதிவு என்று அவர் வற்புறுத்தியது சக மருத்துவர்களுக்குப் பிடிக்கவில்லை. பெரிய மருத்துவமனை வேலையை விட்டு வெளியேறினார்.

'கடைசியில் என்ன ஆயிற்று?' என்ற அந்தக் கேள்வி இன்றும் வேலை செய்கிறது. தைக்கவே முடியாத தோளில், எலும்புக்கும் கூரைக்கும் நடுவே கரைந்துபோகும் பலூனை வைக்கும் முறைக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் 117 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது: பலூன் வைத்தவர்களைவிட, உள்ளே சுத்தம் மட்டும் செய்துகொண்டவர்கள் நன்றாக இருந்தார்கள். சோதனையையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

வேறு வழிகளும் உண்டு. ஜப்பான் மருத்துவர் மிஹாட்டா தொடையிலிருந்து உறைத்திசுவை எடுத்து உருண்டைக்கு மேலே ஒட்டுகிறார். மூட்டே தேய்ந்த முதியவர்களுக்கு, பிரெஞ்சு மருத்துவர் கிராமோன் 1985-இல் கொண்டுவந்த தலைகீழ் மூட்டு: கிண்ணம் இருந்த இடத்தில் உருண்டை, உருண்டை இருந்த இடத்தில் கிண்ணம். கஃப் இல்லாமலே டெல்டாய்டு கையைத் தூக்கிவிடும்.

விழுந்து திடீரென அறுந்த நாணென்றால் தாமதிக்கக் கூடாது. தசையில் கொழுப்பு ஏறுமுன் தைப்பது நல்லது. வயதோடு தேய்ந்து கிழிந்ததென்றால் சில மாதம் பிசியோதெரபி செய்துவிட்டு முடிவெடுக்க அவகாசம் உண்டு. தைத்துக்கொண்டவர்கள் பொதுவாக ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய தூளியில் வைத்திருக்க வேண்டும், மூன்று மாதம் வரை தண்ணீர்க் குடத்தைத் தொடவே கூடாது. வலி போனதும் இந்தக் கணக்கு மறந்துபோகிறது. நாண் எலும்போடு ஒட்ட எடுக்கும் நேரமோ குறைவதில்லை.