மதிப்பீட்டாளர் வருவதற்கு முன் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள்

மீஞ்சூரில் வீட்டின் பேரில் கடன் கேட்டவர்களிடம் வங்கி மதிப்பீட்டாளர் வரப்போகிறார் என்று சொன்னால், பலரும் முதலில் தேடுவது பெயின்டரைத்தான். முன்சுவருக்கு இரண்டு கோட்டிங், கேட்டுக்குக் கறுப்பு எனாமல், ஹாலுக்குப் புது விளக்கு. செலவு வீண் என்று சொல்லமாட்டேன், வீட்டில் குடியிருப்பவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அறிக்கையில் தொகை ஏறாது.

தனி வீடு என்றால் மனைக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியாக விலை போடுவார்கள். மனைக்கு, அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய விலையோடு பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பையும் பார்ப்பார்கள். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைக் காட்டி டீக்கடையில் பேசப்படும் விலை அங்கே எடுபடாது. கட்டடத்துக்கு, அதையே இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் செலவைப் போட்டு, வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழிப்பார்கள். 1,000 சதுர அடி கான்கிரீட் வீட்டை, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துப் பார்ப்போம். மொத்தம் 20 லட்சம். ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்பது வழக்கமான அனுமானம். அதன்படி 20 வயதான வீட்டுக்கு 30 சதவீதம் கழிந்து 14 லட்சம் நிற்கும்.

வீடு இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதையும் மதிப்பீட்டாளர் எழுத வேண்டும். மீஞ்சூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சென்னையின் குடிநீருக்காக இந்தப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து பல ஆண்டுகள் நீர் உறிஞ்சப்பட்டதில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறிவிட்டது. உப்புத் தண்ணீர் போர்வெல்லை வைத்தே கலவை போட்டுக் கட்டிய வீடுகள் உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 தரநிலை. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும். தளத்தின் அடியில் காரை பெயர்ந்து விழும்.

அனுபவமுள்ளவர் ஹாலின் அழகில் மயங்கமாட்டார். குளியலறைத் தளத்தை அண்ணாந்து பார்ப்பார். படிக்கட்டின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். சுவரின் கீழ் இரண்டடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று விரலால் தேய்ப்பார். அந்த இரண்டடிக்கு மட்டும் புது பெயின்ட் பளபளத்தால் சந்தேகம்தான் வலுக்கும். காசு இருந்தால், பெயர்ந்த இடத்தைக் கொத்தி, கம்பியின் துருவைச் சுரண்டிப் பூசுங்கள். மொட்டைமாடி ஒழுகலை நிறுத்துங்கள். கடன் தவணை முடியும்வரை வீடு தாங்காது என்று தெரிந்தால் வங்கி தவணைக் காலத்தைக் குறைக்கும், அல்லது கையை விரிக்கும்.

அதைவிடப் பெரிய வேலை பீரோவில் இருக்கிறது. கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட நகல், வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது. இவற்றில் பட்டா இன்னும் அப்பா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் மதிப்பீட்டுக்கு முன்பே மனு கொடுங்கள். மீஞ்சூர் சி.எம்.டி.ஏ. எல்லைக்குள் வரும் ஊர். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்ற மனைகளுக்கு அந்த அப்ரூவல் போதாது. அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-இல் தடை போட்டது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. வரன்முறை ஆணை இருந்தால் அதை முதல் தாளாக வையுங்கள்.

வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருக்க, மேலே மகனுக்கென்று ஒரு மாடி எழுப்பியிருப்பீர்கள். பொதுவாக அனுமதி பெற்ற பரப்பைத்தான் வங்கி கணக்கில் எடுக்கும். மாடியை மறைக்க வழியில்லை, மதிப்பீட்டாளர் போட்டோ எடுத்துப்போவார். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அறிக்கை வந்தபின் இடிக்கிற ஏமாற்றமாவது மிச்சம்.

வருகிற அன்று நான்கு பக்கமும் நடக்க வழி விடுங்கள். பத்திரத்தின் செக்குபந்தியில் கிழக்கே காலி மனை என்றிருக்கும், இப்போது அங்கே மூன்று மாடி வீடு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிப் பொருத்திக் காட்டுங்கள். எல்லைக்கல் மண்ணில் புதைந்திருந்தால் முந்தின நாளே தோண்டி வெளியே தெரியும்படி வையுங்கள். 2015, 2023 மழையில் தண்ணீர் வந்ததா என்று கேட்டால் எதுவரை வந்தது என்று சொல்லுங்கள், சுவரிலேயே கறை இருக்கும்.

வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பூட்டிய அறைக்கு வெளியே நின்று அளந்த அறிக்கைக்கு மறுபடி ஒரு நடை, சில இடங்களில் மறுபடி கட்டணம். அறிக்கை வங்கிக்குத்தான் நேராகப் போகும். கட்டணம் உங்களுடையது என்பதால் நகல் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் சர்வே எண்ணின் உட்பிரிவையும் சதுர அடியையும் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். 45/2A என்பது 45/2 என்று அச்சாகியிருந்தால் கிளை மேலாளரிடம் அன்றே எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.