சத்தம் இல்லாத விமானங்கள்

சேகரிப்பவர்கள் – 11

சென்ற வாரம் பழைய முத்திரைகளோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் ஒரு மட்டைக் குழாய்.

லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணர் விடுமுறைக்குப் புதுக்குடியிருப்புக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தது அது. பெரியம்மாவுக்குச் சீலை, சொக்கிளேற் எல்லாம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் அதைத் திறந்தார். உள்ளே, முகிலுக்கு மேலே சாய்ந்து திரும்பும் ஒரு ஸ்பிற்ஃபயர் போர் விமானத்தின் படம். அடி ஓரத்து வெள்ளையில் பென்சிலால் மூன்று கையெழுத்து: ஒன்று ஓவியருடையது, மற்ற இரண்டும் இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானிகளுடையவை. பக்கத்தில் பிரதியின் இலக்கம். மொத்தம் இத்தனைதான், அதில் இது இத்தனையாவது என்று.

படம் அச்சுத்தான். விலை கையெழுத்துக்கு. இங்கிலாந்து ஓவியர் ராபர்ட் டெய்லரின் ஸ்பிற்ஃபயர் படமொன்றில் டக்ளஸ் பேடர், ஜோனி ஜோன்சன் என்ற விமானிகள் ஒப்பமிட்டார்கள். பேடர் 1931 இல் விமான விபத்தில் இரண்டு கால்களையும் இழந்து, பொய்க்காலோடு திரும்பவும் போர் விமானம் ஓட்டியவர். 1982 இல் இறந்துவிட்டார். பிரிட்டன் வான்போரில் பறந்தவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்த ஜோன் ஹெமிங்வே 2025 மார்ச்சில் 105 வயதில் போனார். அந்த வான்போரில் பறந்தவர் கையால் இனிப் புதிதாக ஒரு கையெழுத்து வராது.

அண்ணர் சட்டைப்பையில் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார். அச்சடித்த கையெழுத்தென்றால் அதற்குள்ளால் புள்ளி புள்ளியாகத் தெரியுமாம். உண்மைப் பென்சில் என்றால், தாளை வெளிச்சத்துக்குச் சரித்தால் அழுத்திய தடமும் கரியின் மினுக்கமும் தெரியும். எனக்கும் காட்டினார். ‘பி’ என்ற எழுத்தின் வளைவில் கிழவர் ஒருவரின் கை நடுங்கியிருந்தது.

அவர் இப்போது தேடுவது இலங்கை வானத்துக்குரிய ஒரு பெயரை. 1942 ஏப்ரல் 4 அன்று, கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்தில் போய், ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பிய கனடியர் லெனார்ட் பேர்ச்சல். செய்தி போகும்போதே விமானம் சுடப்பட்டது. போர் முடியும்வரை ஜப்பானியரின் கைதியாக இருந்தார். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது, 9 ஆம் திகதி திருகோணமலையில். கொழும்புத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய புச்சிடா 1976 இலேயே இறந்துவிட்டார். பேர்ச்சல் 2004 வரை இருந்தவர் என்பதால் அண்ணருக்கு நம்பிக்கை.

எனக்கு இந்தப் படங்களில் ஒரு குறை. ஓவியரின் கண் எப்போதும் விமானிக்குப் பக்கத்தில்தான் பறக்கிறது. அண்ணாந்து பார்ப்பவர் யாருமில்லை. எங்கள் போரில் நாங்கள் பார்த்ததெல்லாம் பனங்குற்றி அடுக்கிய ‘எல்’ வடிவப் பங்கரின் வாசலுக்குள்ளால். பார்த்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கேட்டது. தொண்ணூறுகளில் குண்டு போட்ட சரக்கு விமானத்துக்குச் சகடை என்று பெயர். வேவு விமானம் வண்டு. 1996 இல் இலங்கை விமானப்படைக்கு வந்த கிபிர் ஜெட்டுக்கு மட்டும் ஊர் புதுப் பெயர் வைக்கவில்லை. 2006 ஓகஸ்ட் 14 இல் வள்ளிபுனத்தில் மாணவிகள் தங்கியிருந்த செஞ்சோலை வளாகத்தில் குண்டு போட்டது கிபிர். இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

படத்தை எங்கே மாட்டுவது என்று பேச்சு வந்தது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, மாரியில் சுவர் ஊறும், கறையான் வேறு. பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. தாளைத் தடவப் போனவரின் கையை அண்ணர் பதறிப் பிடித்தார்.

“சரி, தொடேல்லை. இதின்ர சத்தம் என்னமாதிரியடா?”

அண்ணர் போனில் தேடி, ஸ்பிற்ஃபயரின் மேர்லின் எஞ்சின் இரைச்சலைப் போட்டுவிட்டார். பெரியம்மா முகட்டைப் பார்த்தபடி தலையைச் சரித்துக் கேட்டார்.

“காத்தாடி வைச்சது. சகடை மாதிரி. இது வந்து சேர நேரமெடுக்கும், பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள போயிடலாம்.”