காசு பழகு – 4: ஆண்டுக்குக் கீழே ஓர் ஊர்

இன்றைய பாடத்துக்குச் செலவு எதுவும் இல்லை. வீட்டில் உள்ள சில்லறையைக் கொட்டி, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளைத் தனியே எடுத்து வையுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் இருந்தால் மிகவும் நல்லது.

காசில் ஆண்டு பொறித்திருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு நேர் கீழே பாருங்கள். ஒன்றில் சின்னதாக ஒரு வைர வடிவம் தெரியும். இன்னொன்றில் ஐந்து முனை நட்சத்திரம். வேறொன்றில் கடுகளவு புள்ளி. சில காசுகளில் எதுவுமே இருக்காது. இத்தனை நாள் நம் கை வழியாகப் போய் வந்த இந்தக் குறிக்குத்தான் மின்ட் மார்க் என்று பெயர். காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதை அது சொல்லும்.

இந்திய அரசுக்கு இன்று நான்கு ஊர்களில் நாணயச்சாலைகள் உள்ளன. வைரம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி, பழைய காசுகளில் இருக்கிறது. ஹைதராபாத் நாணயச்சாலை நிஜாம் ஆட்சியில் தோன்றியது. 1950-ல் இந்திய அரசின் கைக்கு வந்தது. அங்கே அடித்த 1950-கள், 60-களின் காசுகளில் நட்சத்திரத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். நடுவில் பிளந்த வைரமோ, உள்ளே புள்ளி வைத்த வைரமோதான் அப்போது அந்த ஊரின் அடையாளம். லென்ஸ் இல்லாமல் பார்த்தால் மும்பை வைரம் என்றே தோன்றும். தேய்ந்த நயா பைசாக் காசுகளில் இந்த வித்தியாசத்தைப் பிடிக்கப் பொறுமை வேண்டும். பிடித்துவிட்டால் கிடைக்கும் மகிழ்ச்சி, விலை கொடுத்து வாங்கும் எந்தக் காசிலும் கிடைக்காது.

இன்னும் பின்னால் போனால், 1940-களின் சில வெள்ளி ரூபாய்களில் ஆங்கில எழுத்து ‘எல்’ சிறியதாக இருக்கும். அது லாகூர். போர்க்காலத்தில் அங்கும் காசு அடித்தார்கள். தேசம் பிரிந்தபின் அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது. அங்கே அடித்த ரூபாய்கள் நம் பாட்டிமார்களின் சுருக்குப்பைகளில் தங்கிவிட்டன.

1985-ம் ஆண்டு ஒரு ரூபாய்க் காசு கிடைத்தால் கவனமாகப் பாருங்கள். சிலவற்றில் ‘எச்’ என்ற எழுத்து இருக்கும். அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த ஹீட்டன் நாணயச்சாலை. அப்போது நாடெங்கும் சில்லறைத் தட்டுப்பாடு. நம் நாணயச்சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளிநாட்டில் அடித்து வாங்கினார்கள். நொய்டா நாணயச்சாலை பிறந்ததும் இந்தத் தட்டுப்பாட்டைப் போக்கத்தான். அது 1988-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதனால் அதற்கு முந்தைய ஆண்டுக் காசு எதிலும் நொய்டாவைத் தேட வேண்டாம். அதே 1988-ல் வந்த சில எஃகுக் காசுகளில் ‘சி’ என்ற எழுத்து உண்டு. அவை கனடாவின் ஒட்டாவாவில் அடிக்கப்பட்டவை. 1990-களின் பிற்பகுதியில் மறுபடியும் வெளிநாடுகளுக்குப் போனோம். மாஸ்கோ, மெக்சிகோ, ஸ்லோவாக்கியாவின் க்ரெம்னிட்சா, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா எல்லாம் நம் சில்லறைக்குள் வந்து சேர்ந்தன. காய்கறிக் கடையில் மீதியாக வாங்கிய காசில் இத்தனை ஊர்களும் இருக்கக்கூடும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், புதிதாகச் சேர்க்க வருபவர்களில் பலர் நேராகக் கடைக்கோ ஏலத்துக்கோ போய்விடுகிறார்கள். எதை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குகிறார்கள். ஆண்டும் மதிப்பும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு காசுகளில் ஒன்று எளிதில் கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. காரணம் பெரும்பாலும் அந்தச் சிறு குறிதான். ஒரு நாணயச்சாலை அந்த ஆண்டில் குறைவாக அடித்திருக்கும். காசை வாசிக்கத் தெரியாதவருக்கு விற்பவர் சொல்வதே விலை. வாசிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். முதல் ஆறு மாதம் ஒரு காசுகூட விலை கொடுத்து வாங்காதீர்கள் என்று இந்தத் தொடரின் தொடக்கத்திலிருந்து சொல்லிவருவது இதற்காகத்தான்.

‘வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருந்தால் லட்சங்கள் கிடைக்கும்’ என்ற தகவல் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அது 2012-ல் பொதுப் புழக்கத்துக்கு விட்ட நினைவுக் காசு. லட்சம் தருவதாகச் சொல்பவர் முதலில் உங்களிடமே ‘கமிஷன்’, ‘வரி’ என்று பணம் கேட்பார். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடந்ததால், பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை, இதற்காகக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டு எச்சரித்தது.

குறி தெரியவில்லை என்பதற்காகக் காசைத் தேய்க்கக் கூடாது. புளியும் சாம்பலும் பித்தளைக் குடத்துக்குச் சரி, ஓட்டைக் காலணாவுக்கு ஆகாது. 1943-ல், போர்க்காலத்தில், உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளையிட்டு வெளியிட்ட வெண்கலக் காசு அது. அதன் மேல் படிந்திருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. உலோகம் காற்றோடு கலந்து பல்லாண்டுகளில் உருவான மேற்படலம். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். சாம்பல் மேற்பரப்பைச் சுரண்டும். கூடவே நாம் தேடும் நுண்ணிய குறிகளையும் மழுங்கடிக்கும். பளபளவென்று ஆன காசு சேகரிப்பாளர் கண்ணில் மதிப்பிழந்த காசு. இழந்த படலத்தைத் திரும்ப வரவழைக்க வழியில்லை. மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். குறி தெரியாவிட்டால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மேடு பள்ளத்தில் நிழல் விழும்போது, நேர் வெளிச்சத்தில் தெரியாதது தெரியும். எப்போதும் காசின் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். விரலின் ஈரமும் உப்பும் முகத்தில் பட வேண்டாம்.

இந்த வாரப் பயிற்சி:

ஒரு நோட்டில் ஐந்து கட்டங்கள் போடுங்கள். ஆண்டு, மதிப்பு, நாணயச்சாலை, காசின் நிலை, எங்கே கிடைத்தது. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். காசை இன்னொருவரிடமும் வாங்கலாம், அது உங்களிடம் வந்த வழியை நீங்கள்தான் எழுத முடியும்.

பிறகு ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பிறந்த ஆண்டாக இருக்கட்டும். அந்த ஆண்டின் ஒரு ரூபாய்க் காசு எத்தனை ஊர்களிலிருந்து கிடைக்கிறது என்று தேடுங்கள். பேருந்து நடத்துநர், பெட்டிக்கடைக்காரர், பால்காரர் என்று சில்லறை தரும் எல்லோரும் இனி உங்களுக்கு உதவியாளர்கள். நான்கு ஊரும் சேராமல் போகலாம். எல்லா ஆண்டும் எல்லா ஊரிலும் எல்லா மதிப்பும் அடிப்பதில்லை. இரண்டு ஊர் சேர்ந்தாலே உங்கள் முதல் வரிசை தொடங்கிவிட்டது. அதற்கு ஆன செலவு, அந்தக் காசுகளின் முகமதிப்பு மட்டுமே.

அடுத்த வாரம் நினைவுக் காசுகள். 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்த திருவள்ளுவர் காசும், 2009-ல் அறிஞர் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு வந்த ஐந்து ரூபாயும் உங்களிடம் இருந்தால் எடுத்து வையுங்கள். அதற்குள் அவை எந்த ஊரில் அடித்தவை என்று நீங்களே பார்த்து எழுதி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

(தொடரும்)