'அட்டாக் ஆன் டைட்டன்' க்ளைமாக்ஸ்: உண்மையிலேயே சொதப்பலா?

(ஸ்பாய்லர் அலர்ட்!) ஹஜிமே இசயாமாவின் இந்த ஜப்பானிய மங்கா தொடர் 2009-ல் தொடங்கி, 2021-ல் 139-வது அத்தியாயத்தோடு முடிந்தது. ரசிகர்களின் சண்டைதான் முடியவில்லை.

என்ன பிரச்னை?

நாயகன் எரென், மனிதகுலத்தில் 80 சதவிகிதத்தை அழித்துவிடுகிறான். நண்பன் ஆர்மினோ, 'எங்களுக்காகத்தானே' என்று அதற்கு நன்றி சொல்கிறான். இனப்படுகொலைக்கு நன்றியா எனக் கொதித்தார்கள் ரசிகர்கள்.

அனிமேவில் என்ன மாறியது?

2023-ல் வந்த அனிமேவில் கதை அதேதான், உரையாடல்தான் வேறு. பழியில் தனக்கும் பங்குண்டு என்கிறான் ஆர்மின். நரகத்திலும் சேர்ந்தே இருப்போம் என்கிறான்.

அப்போ தீர்ப்பு?

வெறுப்பு வெறுப்பைத்தான் வளர்க்கும் என்று சொல்லிவந்த கதைக்கு சுபம் போட்டிருந்தால்தான் ஒட்டியிருக்காது. சொதப்பியது முடிவு அல்ல, அந்த ஒரு 'தேங்க்ஸ்'! மங்காவோடு கோபித்துக்கொண்டு கிளம்பியவர்கள், அனிமே க்ளைமாக்ஸையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.