நாலடி உயரம்... ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷ வம்சம்!

தேரில் ராஜா. கையில் வில். எதிரே சிங்கம். பாரசீகச் சக்கரவர்த்தி முதலாம் தாரியஸின் முத்திரையில் உள்ள காட்சி இது. முத்திரை இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் ராஜாவைப் பார்ப்பார்கள், சிங்கத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் தேரை இழுக்கும் குதிரையைப் பாருங்கள். ரொம்பச் சின்னது! 'செதுக்கினவனுக்கு இடம் பத்தவில்லை போல' என்றுதான் தோன்றும்.

'அதெல்லாம் இல்லை, அப்படி ஒரு குதிரை நிஜமாகவே இருந்தது' என்று அடித்துச் சொன்னவர் லூயிஸ் ஃபிரூஸ். அமெரிக்கப் பெண்மணி. ஈரானின் பழைய அரச வம்சத்தில் வந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்.

டெஹ்ரான் அருகே லூயிஸ் ஒரு குதிரையேற்றப் பள்ளி நடத்தினார். வந்தது ஒரு தலைவலி. அங்கே கிடைத்த குதிரைகள் எல்லாம் உயரம், போதாக்குறைக்கு முரட்டுத்தனம். பொடிசுகளை மேலே ஏற்றினால், கீழே நிற்கிற அம்மாவுக்கு மூச்சு நின்றுவிடும்! காஸ்பியன் கடலோரத்து மலைக் கிராமங்களில் குட்டையான குதிரைகள் உண்டு என்று யாரோ சொல்ல, 1965-ல் கிளம்பிவிட்டார்.

ஆமோல் என்ற ஊரில் பார்த்தார். ஒரு சின்னக் குதிரை வண்டி இழுத்துக்கொண்டிருந்தது. உயரம் நாலடியைத் தாண்டாது. உங்கள் சட்டைப் பாக்கெட்டுக்குக்கூட எட்டாது. ஆனால், மட்டக்குதிரைக்கு உரிய கட்டையான உடம்பு இல்லை. மெல்லிய கால், சின்னக் காது, உப்பிய நெற்றி, பெரிய கண். பெரிய குதிரையை அப்படியே சின்ன அச்சில் வார்த்த மாதிரி! பெர்ஸபோலிஸ் அரண்மனைச் சிற்பங்களில் இருக்கும் குட்டிக் குதிரைகள் லூயிஸுக்கு ஞாபகம் வந்தன. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அழிந்துவிட்டது என்று உலகம் நினைத்த இனம், இங்கே பாரம் இழுத்துக்கொண்டிருக்கிறதா?

ஊர் ஊராகத் தேடிக் கணக்கெடுத்தார். கடலோரம் முழுக்கச் சேர்த்து மொத்தமே சுமார் ஐம்பது. ஒரு டவுன் பஸ்ஸில் இதைவிட ஜாஸ்தி ஜனம் ஏறுமே சார்!

ஏழு பெண், ஆறு ஆண் குதிரைகளோடு இனவிருத்தியை ஆரம்பித்தார். இதில் ஒரு சிக்கல். எண்ணிக்கை குறைவாக இருந்தால் நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டிகள் பிறக்கும். தலைமுறை போகப் போக நோஞ்சானாகிவிடும். அதனால் எதற்கு எது பிறந்தது, எதோடு எது சேரலாம் என்று வம்சாவளி எழுதிவைக்க வேண்டும். கிட்டத்தட்ட நம்ம ஊர் கல்யாணத் தரகர் வேலை!

குதிரைகள் பெருகின. கூடவே ஆபத்தும். எழுபதுகளில் அரச ஆதரவு பெற்ற குதிரைச் சங்கம் அவருடைய மந்தையை வாங்கிக்கொண்டது. சளைக்காமல் ஈரானின் வடகிழக்கில் இரண்டாவது மந்தை ஆரம்பித்தார். ஓநாய்கள் புகுந்து கடித்துக் குதறின. பதறிப்போய்ச் சில குதிரைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். சங்கத்துக்கு வந்ததே கோபம்! ஏற்றுமதிக்குத் தடை போட்டு, மிச்சம் இருந்ததையும் எடுத்துக்கொண்டது.

1979-ல் புரட்சி. ஆட்சி கவிழ்ந்தது. லூயிஸும் கணவரும் சிறைக்குப் போனார்கள். சிறையில் உண்ணாவிரதம் இருந்தார் லூயிஸ். சங்கத்தின் மந்தை சிதறி, பல குதிரைகள் இறைச்சிக்குப் போயின. அடுத்து, 1980-லிருந்து எட்டு வருஷம் ஈராக்கோடு யுத்தம்.

இத்தனையிலும் இனம் எப்படித் தப்பியது? கோபத்தைக் கிளப்பியதே அந்த ஏற்றுமதி... அதுதான் காப்பாற்றியது! விதைநெல்லை ஒரே குதிரில் போட்டுவைத்தால், எலி புகுந்தாலும் போச்சு, நெருப்புப் பிடித்தாலும் போச்சு. நாலு வீட்டில் கொடுத்து வைத்தவன் அடுத்த போகம் விதைப்பான். லூயிஸ் அனுப்பிய குதிரைகள் வெளிநாட்டில் குட்டி போட்டுக்கொண்டிருந்தன.

அவரும் விடவில்லை. யுத்தம் முடிந்ததும் ஈரானில் மறுபடி முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்தார். தொண்ணூறுகளில் இன்னொரு கூட்டத்தை, சண்டை நடந்துகொண்டிருந்த அஜர்பைஜான் வழியாகவே பிரிட்டனுக்கு அனுப்பிவைத்தார். வழியில் கொள்ளைக்காரர்கள் வேறு! எப்படியோ போய்ச் சேர்ந்தன.

லூயிஸ் 2008-ல், 74 வயதில், ஈரானிலேயே காலமானார். காஸ்பியன் குதிரை இன்றைக்கும் அபூர்வமான இனம்தான், ஆபத்து நீங்கிவிடவில்லை. ஆனால் ஈரானிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குட்டிகள் பிறக்கின்றன. ராஜாவின் தேரை இழுத்த வம்சத்தின் முதுகில் சின்னப் பசங்கள் ஏறி உட்காருகிறார்கள்.

லூயிஸ் தேடிப் போனதே அதற்குத்தானே!