இழுத்தால் நீளுமா, கிழியுமா?

செராஸ், தாமான் கன்னாட் இரவுச் சந்தையில் பையில் கட்டித் தரும் தேநீரை விரலில் மாட்டிக்கொண்டு நடக்கிறோம். அந்த மெல்லிய நெகிழித்தாள் எப்படிப் பாரம் தாங்குகிறது? சிலவேளை ஏன் சட்டெனக் கிழிகிறது? விடையின் பெரும்பகுதி அதன் மேற்பரப்பில் உள்ளது.

பாலிஎத்திலீன் தாள் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆனது. இழுக்கும்போது சுருண்ட சங்கிலிகள் நிமிர்ந்து வரிசையாகின்றன, தாள் நீள்கிறது. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் இழுவிசை சமமாகப் பரவும். கீறல் இருந்தாலோ, விசை அதன் நுனியில் குவியும். வட்டத் துளையின் விளிம்பிலேயே அது ஏறக்குறைய 3 மடங்காகும். கூரிய கீறலில் இன்னும் அதிகம். கண்ணாடி எளிதில் உடைவதற்கு நுண்கீறல்களே காரணம் என்று 1921இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் கிரிஃபித் விளக்கினார். மிளகாய்ச் சாஸ் பொட்டலத்தின் ஓரத்தில் இரம்பப் பல் வைப்பதும் இதனால்தான்: நாம் கிழிக்க வேண்டிய இடத்தில் விசை குவிகிறது.

எல்லா மேடுபள்ளமும் தீங்கல்ல. சில குப்பைப் பைகளில் வரிவரியாக மடிப்புகளை அழுத்தியிருப்பார்கள். இழுத்தால் ஆர்மோனியத்தின் துருத்திபோல் முதலில் அவை விரியும். அதன் பிறகே தாள் நீளும்.

சிலாங்கூரில் 2017இல் பைக்கு 20 சென் கட்டணம் வந்தபின் பழைய பைகளைப் பலரும் மீண்டும் பயன்படுத்துகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் எண்ணெய்ப் போத்தலைப் போடுமுன், நண்பர்களே, பையை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் உண்டா என்று பாருங்கள். பாரம் தேடுவது அந்தச் சிறு கீறலைத்தான்.